முகத்தில் துப்பிய துரை

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் மலாக்காவுக்குப் புறப்பட்டபோது, அங்கே நாளை நடக்கும் கிளப் கமிட்டிக் கூட்டத்தில் வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். பயம்தான். சின்னதுரை நம் கால்பந்துக் கிளப்பின் ஆட்டக்காரர் மட்டுமா? தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரையும் அவர்தானே. அவர் நினைத்தால் உங்கள் கணக்கெழுதும் கிராணி வேலையும் இந்த வீடும் போய்விடும். வயிற்றில் பிள்ளை வேறு.

இன்று காலை மருதமுத்து தோட்ட வேலைக்குப் போகும் வழியில் வந்தார். போன ஞாயிறு ஆட்டத்தில் பந்தைத் தடுக்கத் தவறியதற்காக, “கறுப்பு நாயே” என்று துரை துப்பியது அவர் முகத்தில்தான்.

“அம்மா, கிராணி ஐயாவ ஒண்ணும் பேச வேணாம்னு சொல்லுங்க. எங்களக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க” என்றார்.

நான் உங்களிடம் கேட்டதையேதான் அவரும் கேட்டார். ஆனால் பேசி முடிக்கும்வரை, ஈரமே இல்லாத முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் பேசுங்கள். எல்லார் முன்னாலும் மருதமுத்துவிடம் மன்னிப்புக் கேட்கும்வரை துரைக்குக் கிளப்பில் இடமில்லை என்று சொல்லுங்கள். மருதமுத்து முறையிட்டதாகச் சொல்லாதீர்கள். நீங்களே கண்ணால் பார்த்தீர்கள், அது போதும்.

இந்தக் கடிதத்தை மலாக்காவுக்குக் கொண்டுவரும் லாரி கிளம்பப் போகிறது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் மனைவி