மிளகுப் பொட்டலத்தில் போன ராணி

கொருக்குப்பேட்டை,
14-8-1953

நாகபுரியில் இருக்கும் சௌபாக்கியவதி மகள் இசக்கியம்மாளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் சுகம், கடையும் தராசும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முப்பிடாதியம்மன் துணை. தாயி, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்துக்கொள். முடிவு நல்ல முடிவுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் மட்டும் என்னைத் திட்டாதே.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு பாளையத்து ராணியின் சரித்திரத்தைப் படம் போட்டு எழுதியிருக்கிறேன், நாற்பது தாள், வேறு பிரதி கிடையாது, வெள்ளிக்கிழமைக்குள் மண்ணடி தண்டபாணியின் பதிப்பகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, நானும் ஸ்டேஷன் பார்சலில் ஏதோ அட்டைப் பெட்டி வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீயோ சாக்கில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறாய். பொட்டலம் மடிக்கப் பழைய காகிதம் தருகிற கமாலுதீன் பாயின் கட்டும் அன்றைக்கு அதே மாதிரி சாக்கில்தான் வந்தது. இரண்டும் கல்லாவுக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இனிமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது, குரங்கு கையில் பூமாலை.

பொட்டலம் மடிக்கிறவன் காகிதத்தைப் பார்க்க மாட்டான் இசக்கி, தராசு முள்ளைத்தான் பார்ப்பான், முப்பது வருஷப் பழக்கம். தாள் கனமாக இருக்கிறதே, பாய் இந்த வாரம் நல்ல சரக்கு அனுப்பியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே காலையிலிருந்து மிளகும் மல்லியும் கடுகும் கட்டிக் கொடுத்தேன். கிழிக்கவில்லை, முழுத் தாளாகவே கொடுத்தேன், அந்த மட்டும் புண்ணியம். சாயங்காலம் நாலு மணிக்குக் காசிமேட்டு மங்கம்மா மீன் கூடையோடு வந்து நின்றாள். இன்னா நாடாரே, அந்த ராணிப் பொண்ணு குதிரை மேலே குந்திக்கினு கீது, அப்பாலே உயுந்துச்சா இல்லியா, அடுத்த காயிதத்தைக் குடு, மொளகு வோணாம் என்றாள். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒருத்திக்குக் கோட்டை கிடைத்திருக்கிறது, ஒருத்திக்குச் சண்டை கிடைத்திருக்கிறது, எனக்குக் கல்யாணம் வந்துச்சு உனக்கு இன்னா வந்துச்சு என்று என் கடை வாசலில் ஒரே கூச்சல். அப்போதுதான் குனிந்து பார்த்தேன், உன் கட்டில் ஒரு தாள்கூட இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

உன் அம்மை ஆவுடையம்மாள் என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள், திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் கடையை அடைத்தேன், சாயங்கால வியாபார நேரத்தில்! உன் கல்யாணத்துக்குக்கூட நான் அரை நாள் திறந்து வைத்தவன். மங்கம்மா முன்னால் போக நான் பின்னால் போக வீடு வீடாக ஏறி இறங்கினோம், தாளைத் தந்தவர்களுக்கு மிளகை வேறு காகிதத்தில் கட்டிக் கொடுத்தோம். விளக்கு வைப்பதற்குள் முப்பத்தெட்டு வந்துவிட்டது. எட்டாம் தாளை மட்டும் மங்கம்மா தரமாட்டேன் என்று மடியில் செருகிக்கொண்டாள். பிறகு அவளே விரித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தாள். ராணியைக் குதிரை ஏறக்கூடாது என்று லாயத்தைப் பூட்டுகிறானே அவள் அப்பன் ராஜா, அந்தப் படம். தே பாரு நாடாரே, ராஜா மூஞ்சி உன் மூஞ்சியாட்டமே கீது என்றாள். மீசை என்னுடையது, தொந்தி என்னுடையது, இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்துகூட என் கல்லாச் சாவிக்கொத்து. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன், அப்புறம் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

சின்ன வயசில் நீ வரைந்து வைத்ததையெல்லாம் எடுத்துப் பொட்டலம் மடித்தேனே, அது தெரிந்தே செய்தது தாயி. சித்திரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அவசர அவசரமாக உன்னைக் கட்டிக் கொடுத்ததும் தெரிந்தே செய்ததுதான். இது ஒன்றுதான் தெரியாமல் செய்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீ எழுதியதை உட்கார்ந்து படித்தேன், உன் அம்மைக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை தண்டபாணி முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மிளகு நெடி ஏறித் தும்மிக்கொண்டே படித்தார், படிக்கப் படிக்கத் தும்மலைக்கூட மறந்துவிட்டார். எத்தனையோ சரித்திரம் அச்சுப் போட்டிருக்கிறேன், ஊரே சீரகத்தோடு வாங்கிப் படித்தது இது ஒன்றுதான், கட்டாயம் போடுகிறேன் என்றார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசித் தாள் எங்கே என்றார்.

நாற்பதாம் தாள் கூட்ஸ் வண்டி கார்டு ஒருவர் வாங்கிய கொத்தமல்லியோடு கூடூருக்குப் போய்விட்டது. கோட்டை வாசலில் கிழ ராஜா வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், மகளுக்கு ஓலை போயிருக்கிறது, அத்தோடு நிற்கிறது கதை. மங்கம்மா தினமும் வந்து கேட்கிறாள், தண்டபாணி ஆள் அனுப்பிக் கேட்கிறார். நான் யாரைக் கேட்பேன்?

அதனால் மறக்காமல் அந்த ஒரு தாளை மறுபடி வரைந்து பதினைந்து நாளைக்குள் அனுப்பு, சாக்கில் கட்டாதே, பெட்டியில் வை. மாப்பிள்ளையை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல், ஆரஞ்சு அதிகம் தின்னாதே, சளி பிடிக்கும். நீ நூறு வயசு இருந்து ஆயிரம் ராணிகளை வரைய வேண்டும். அப்பனைப் பார்க்க அவள் வரவில்லை என்று நீ முடித்திருந்தால் அப்படியே அனுப்பு, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வந்தாள் என்றால் மட்டும் எந்த ரயிலில் என்று ஒரு வரி சேர்த்து எழுது. கடையை அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
லாயத்துச் சாவியைத் தொலைத்துவிட்ட உன் அப்பா,
ராமசுப்பு