புஷ்பத்தின் கலியாணத்துக்கு ஜப்பான் பாட்டு

என் அன்புச் சின்னண்ணை,

புஷ்பத்துக்குக் கலியாணம் பேசியாயிற்று. வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மாப்பிள்ளை அச்சுவேலி, பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் அருள்நேசன். உங்களுக்கென்று நிச்சயித்திருந்தவளை இன்னொருவர் கட்டப்போகிறார் என்று எழுதும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? ஒன்றும் செய்யவில்லை. கை தன்பாட்டில் எழுதுகிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து அவளே என்னிடம் வந்தாள்.

"றெஜி, என்னோடை கோவமோ?"

"இல்லை."

"உண்மையாவோ?"

"ஓம்."

அது உண்மைதான். கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பிறகு அவள் கேட்டாள்: "கலியாணத்துக்கு எங்கடை ஜப்பான் பாட்டைப் பாடுவமோ? கப்பல் பாட்டை. அவர் இருந்தால் பாடியிருப்பார்தானே?"

உங்களுக்கு நினைவிருக்கிறதா, கப்பல் வேலையை விட்டு வந்த வருடம் நீங்கள் கொண்டுவந்த பெட்டியில் கிடந்த கசெற்? அட்டையில் ஒரே நிறக் கோட்டுப் போட்ட நாலு ஜப்பான்காரர், நடுவில் ஒரு மைக். கோபே துறைமுகத்தில் எந்தக் கடைக்குள் போனாலும் அவர்களுடைய பாட்டுத்தான் என்றீர்கள். அட்டையில் இருந்த எழுத்து எங்களுக்கு விளங்காததால் பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். மழைப் பாட்டு, கப்பல் பாட்டு, கோபக்காரன் பாட்டு. "என்ன சொல்லினம் அண்ணை?" என்று கேட்டால், "ஆருக்குத் தெரியும்? ஊர் முழுக்கப் பாடுது, நல்லதாத்தான் இருக்கும்" என்பீர்கள்.

வாயில் வந்தபடி சொற்களைத் தமிழில் எழுதித் தந்தீர்கள். மேல் குரல் புஷ்பம், அதற்குக் கீழே நான், எனக்குக் கீழே உங்கள் சிநேகிதர் சேவியர் அண்ணை, எல்லோருக்கும் அடியில் நீங்கள். சண்டையில் கரண்ட் நின்ற பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் அந்தக் கசெற்றைக் கேட்டோம். சேவியர் அண்ணைக்குக் கை ஓய்ந்தால் கசெற்றில் அந்த நாலு ஜப்பான்காரரும் நித்திரை கொள்வதுபோலப் பாடுவார்கள். "ஒரே சீராச் சுத்தடா!" என்று நீங்கள் கத்துவீர்கள். பெருநாளன்று குருநகர்க் கோயில் முற்றத்தில் நாங்கள் பாடியபோது பின்னால் நின்ற சனம் அது லத்தீன் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டது.

நீங்கள் போய் ஒன்றரை வருடம். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று போத்தலோடு போனீர்கள். காலை பத்து மணி. விமானம் இரண்டு தரம் சுற்றியது. நான் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சேவியர் அண்ணை வந்து வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு விளங்கிவிட்டது. மிச்ச மீனையும் வெட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டுத்தான் நான் எழும்பினேன். ஏன் அப்படிச் செய்தேன், சின்னண்ணை?

அடக்கத்தில் நான் அழவில்லை. "தங்கச்சிக்காரி கல்லு மாதிரி நிக்கிறாள்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து நாங்கள் மூவரும் சேர்ந்து பாடியதில்லை.

புஷ்பம் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "கட்டட்டும். எத்தினை நாளைக்கு அவளும் இப்பிடியே இருக்கிறது?" என்றா. பிறகு சுளகை நிறுத்தி, "ஆனா அந்தப் பாட்டு வேண்டாம். அது என்ரை பிள்ளையின்ரை" என்றா.

அம்மா மறித்தும் நான் நேற்றுப் பின்னேரம் சேவியர் அண்ணை வீட்டுக்குப் போனேன். இப்போது சண்டை நின்றிருப்பதால் கடைகளில் பற்றறி வந்திருக்கிறது. கசெற்றைப் போட்டுவிட்டு மூன்று பேரும் விறாந்தையில் இருந்தோம். புஷ்பத்தோடு அருள்நேசனும் வந்திருந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி. நாங்கள் மூவரும் பாடினோம். சுருதி பிசகவில்லை, ஆனால் அடியில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் தரம் பாடும்போது அந்த மனிதர் மெல்லச் சேர்ந்துகொண்டார். உங்கள் இடத்தில். பிழையாக.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "தெரியாட்டிச் சும்மா இருங்கோ! உது உங்கடை குரலில்லை!"

புஷ்பம் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் எழும்பி வேலிக்கரைக்குப் போனேன். அழுகை வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. நீங்கள் போனபிறகு எனக்கென்று வந்த முதல் சாமான் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் அருள்நேசன் பின்னால் வந்து எட்டத்தில் நின்றார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. புஷ்பம் உங்கடை அண்ணையைப்பற்றி எல்லாம் சொன்னவ. பாட்டை மட்டும் சொல்லேல்லை. அவர் எப்பிடிப் பாடினவர்?"

ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எப்படிச் செத்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் வேலியைப் பார்த்தபடியே சொன்னேன். மூச்சை எங்கே எடுப்பீர்கள், எந்தச் சொல்லை இழுப்பீர்கள், மற்றவர்கள் முடித்த பிறகும் கடைசி எழுத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்று. பிறகு அவர் கேட்காமலே உங்கள் அடிக்குரலைப் பாடிக் காட்டினேன். என் குரலுக்கு எட்டாத ஆழம். உடைந்து உடைந்துதான் வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். ஏசுவா என்று நினைத்தேன். அம்மா கேட்டது வேறு.

"உவர் பிழையாப் பாடினவரோ?"

"ஓம் அம்மா."

"அப்ப சரியாச் சொல்லிக் குடு. பிழையாப் பாடினா என்ரை பிள்ளைக்குத்தான் குறை."

கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, சின்னண்ணை. அந்த மனிதருக்குக் காது பரவாயில்லை, மூச்சுத்தான் காணாது. நான் பழக்கி எடுப்பேன். பிழை விட்டால் விடமாட்டேன், உங்களைப்போலக் கத்துவேன். அன்றைக்கு அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் கோயிலில் முன் வாங்கில் இருத்துவேன். அழுவேனோ தெரியாது, அதை மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி,
றெஜினா