கேட்கவில்லை என்று சொன்னவளுக்கு

இன்று காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ஸ்வெட்டரை உருவினேன். பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏற்காட்டில் நாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் துணி அறைக்கு இதே வாசம்தான். உனக்கும் எனக்கும் அது இங்கிலீஷ் வாசம்.

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. உன் தங்கைதான் செய்தி சொன்னாள். நீயும் நானும் போனில் ஒரு நாளும் பேசியதில்லை. நான் வெளிநாட்டில் இருந்த வருஷங்கள் முழுக்கக் கடிதம்தான். அதனால் இதையும் கடிதமாகவே எழுதுகிறேன்.

சேலத்தில் ஒன்றாக நர்ஸ் படிப்பு முடித்து, ஒன்றாகவே மலையேறி அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் காபி பறித்தவர்கள். நீ மஞ்சக்குட்டைப் பக்கம் சொந்தக் காடு வைத்திருந்த வீட்டுப் பெண். சாமையும் ஆரஞ்சும் விளைகிற காடு. உன்னை சேலத்துக்கு அனுப்பவே உன் வீட்டில் ஒரு வருஷம் யோசித்தார்கள். ஆனால் கடல் தாண்டிப் போகலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தவள் நீதான். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகள் தேவை, ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று போட்டிருந்த பேப்பர் துண்டை வெட்டி எடுத்து வந்தாய்.

"ரெண்டு பேருமே போறம் புள்ள. ஒருத்தி மட்டும் போனா அங்க பைத்தியம் புடிச்சிரும்" என்றாய்.

படிக்கிற பகுதிக்கும் எழுதுகிற பகுதிக்கும் நாம் பயப்படவில்லை. காதால் கேட்டு விடை எழுதும் பகுதிதான் நம்மை மிரட்டியது. அதற்கென்று ஒரு புத்தகமும் இரண்டு கேசட்டும் தபாலில் வந்தன. உன் சித்தப்பாவின் டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்தாய். காலை டூட்டி முடிந்து சாப்பிட்டதும் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். சுவர் முழுக்க மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகள். தகரக் கூரையில் மழை கொட்டினாலும் அந்த அறையில் மட்டும் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

கேசட்டில் ஒரு பெண் நூலகத்துக்குப் போன் செய்வாள். ஓர் ஆள் தொண்டையைக் கனைத்துவிட்டு ரயில் நேரம் சொல்வார். தேர்ட்டீனா, தேர்ட்டியா என்று நாம் தடுமாறுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எதையும் ஒரே ஒரு தடவைதான் சொல்வார்கள். அவருக்குக் கனைப்புக்காரர் என்றும் அவளுக்கு அவசரக்காரி என்றும் பேர் வைத்தாய். "இவளுக்கு எந்த பஸ்ஸுக்கு நேரமாச்சாம்? நிதானமாச் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவா?" என்று டேப்பைப் பார்த்தே திட்டுவாய்.

இருபது கேள்விக்கு எனக்குப் பதினைந்து சரியாக வரும். உனக்கு ஏழு, எட்டு. எனக்கு அது விளங்கவே இல்லை. உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட நல்லது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூடத் தடுமாறாமல் வாசிப்பாய். டேப்பில் தவறவிட்ட அதே வாக்கியத்தை நான் சொன்னால் சட்டென்று விடை சொல்வாய். "டேப்பு நொம்பப் பழசு. கொழகொழன்னு பேசுது" என்று சமாளிப்பாய்.

ஒரு நாள் எரிச்சலில் கத்திவிட்டேன். "நீ கவனிக்கறதே இல்ல. போகோணும்னு நெஜமாலுமே ஆசை இருந்தா காதத் தொறந்து வெச்சுக் கேளு!" நீயோ, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாய். அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "ஊட்டுக்கு எத்தன மணி பஸ்ஸுக்குப் போற?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். விரிப்பு இறங்கி என் வாய் தெரிந்த பிறகுதான், "என்ன சொன்ன?" என்றாய். இத்தனை நாளும் என் உதட்டைப் பார்த்தா விடை சொல்லிக்கொண்டிருந்தாய்? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மை வெளியே வந்தால் நீ வர முடியாது, நான் தனியாகப் போக வேண்டும் என்ற பயம் எனக்கு.

பத்து நாள் போயிருக்கும். கிளியூரிலிருந்து எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். எஸ்டேட்டில் வேலை செய்பவள். தலைவலி என்றாள். பிரஷர் பார்த்தவள் நீ. சீட்டில் நூற்றிருபது, எண்பது என்று எழுதியிருந்தாய். அவள் பெஞ்சில் காத்திருந்தபோது நான் அந்தப் பக்கம் போனேன். முகம் ஊதியிருந்தது. காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மனசு ஒப்பாமல் நானே மறுபடி பார்த்தேன். நூற்றெழுபது, நூற்றுப்பத்து.

டாக்டரம்மா வந்து பார்த்து ஊசி போட்டார். உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஜீப் வருவதற்குள் உன்னைத் துணி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"ஸ்டெதாஸ்கோப்பு வெச்சயே, சத்தம் கேட்டுதா?"

நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கேக்கல புள்ள. எழுதிட்டன்."

"எத்தன நாளா இப்படி?"

"எடது காது போன வருசமே போயிருச்சு. இப்ப வலதும் போயிட்டிருக்குது. பிரஷர் மிஷின்ல பாதரசம் துள்றதப் பாத்துக் குத்துமதிப்பா எழுதிட்டிருந்தன்."

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். இனிமே பிரஷரெல்லாம் நான் பாத்துக்கறன். நீ மத்த வேலயப் பாரு" என்றேன்.

"நீ லீவு போட்டா?" என்று கேட்டாய்.

நீ கதவைத் திறந்து நேரே டாக்டரம்மா அறைக்குப் போனாய். நான் பின்னாலேயே ஓடி வந்து வாசலில் நின்றேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தச் சீட்டுல எழுதுனது தப்புங்க. எனக்குக் காது கேக்கறதில்லீங்க. கேட்ட மாதிரி எழுதிட்டனுங்க."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் எறிந்தார். "ரெண்டு உயிர் போயிருக்கும். தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. அந்தப் புள்ளகூட நானே போறனுங்க."

ஜீப்பில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போனாய். பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு ஆபத்து நீங்கும்வரை மூன்று நாள் அங்கேயே இருந்தாய். உன் காதையும் அங்கேதான் காட்டினாய். நரம்பு தேய்ந்துகொண்டே வருகிறது, சரிசெய்ய வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா உன்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வார்டிலிருந்து மாற்றி, ஆபரேஷன் சாமான்களைக் கொதிக்க வைத்து அடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

நான் தேர்வே வேண்டாம் என்றிருந்தேன். நீ விடவில்லை. கேசட்டில் பேசுவதெல்லாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை உட்கார வைத்தாய். "டேப்பு எப்பவும் ஒரே மாதிரிதான் பேசும். ஆளுக அப்படிப் பேச மாட்டாங்க. நான் படிக்கறன், எழுது." முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாய். முறுக்கை மென்றுகொண்டு வாசித்தாய். கதவுக்கு வெளியே மழைச் சத்தத்தில் நின்று வாசித்தாய். உன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று உனக்குத் தெரியாது. சில நேரம் வார்டிலிருந்து நோயாளிகளே எழுந்து வந்து, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அந்தக் கிளியூர்ப் பெண் குழந்தையோடு வந்தாள். ஆஸ்பத்திரி காப்பாற்றியது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நீ அவளை உட்காரவைத்து, "உன்ற சீட்டுல தப்பா எழுதுனது நாந்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னாய். அவள் குழந்தையைத் தூக்கி உன் மடியில் போட்டாள்.

"அதுக்குத்தான் மூணு நாளு எங்கூடயே உக்காந்திருந்தீங்களேங்க சிஸ்டர்" என்றாள்.

நீ அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மெட்ராஸில் போய்த் தேர்வு எழுதினேன். காதால் கேட்கும் பகுதியில்தான் எனக்கு மதிப்பெண் அதிகம். கிளம்பும் நாளன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாய். ரெண்டு பேருமே போறம் என்று நீ சொன்ன பேச்சை இருவருமே எடுக்கவில்லை. பஸ் நகர்ந்தபோது மூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, குரலே இல்லாமல், "அன்னிக்குக் கத்துனதுக்கு மன்னிச்சுக்க" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாளுக்குக்கூட அது கேட்டிருக்காது. நீ கையை உதறி, "போ புள்ள!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாய்.

வெளிநாட்டில் என் முதல் குளிர்காலத்தில், பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் வார்டில் இருந்தார். நாக்கு சரியாகப் புரளாது. பக்கத்தில் வருகிறவர்களிடமெல்லாம் ஏதோ சொல்வார். எல்லாரும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு நகர்வார்கள். இரண்டு நாள் நானும் ஆட்டினேன். புதிதாக வந்தவளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். மூன்றாம் நாளும் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்ற உன் முதுகு கண்முன் வந்தது. திரும்பிப் போய் அவர் முகத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றேன்.

ஐந்தாவது தடவையில் விளங்கியது. கால் குளிர்கிறதாம். அவ்வளவுதான். காலுறை மாட்டிவிட்டதும் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வார்டு, எத்தனையோ சீட்டு. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி நான் ஒரு நாளும் எழுதியதில்லை. இது என் சுபாவம் என்று அங்கே பாராட்டினார்கள். என் சுபாவம் எது என்று உனக்குத் தெரியும். அன்று மறைக்கச் சொன்னவள் நான். வேலையை முடித்துச் சேலத்துக்கே திரும்பிவிட்ட இப்போதும், எதிரில் இருப்பவர் சொல்வது பிடிபடவில்லை என்றால் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்கிறேன். வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன்.