கோணி ஊசி

ஏளா,

இன்று காலை கோணி ஊசி கேட்டு ஆள் வந்தது. எதற்கு என்றேன். குளம் நிறையப் போகிறதாம், கலுங்கில் மணல் மூட்டை அடுக்க வேண்டுமாம். அதே குளம், அதே கலுங்கு. ஒருத்தருக்கும் கூச்சமில்லை.

அந்த ஊசி உன்னுடையது. தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டை தைத்துத் தைத்து முனை லேசாக வளைந்தது. அந்த ஐப்பசியில் உன்னிடம் இரவல் வாங்கினேன். எதற்கென்று சொன்னதும் உன் முகம் மாறிவிட்டது. மிச்சத் தண்ணீர் வெளியேற அந்தக் கலுங்கு ஒன்றுதான் வழி. அதை அடைத்தால் ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கும், பிசானப் பருவத்து நெல் கடைசியில் காயாது என்று உனக்கே பாடம் நடத்தினேன். வயல் எனக்கு. கரைக்குக் கீழே வீடு உனக்கு.

"ஏளா, கலுங்க அடைச்சா தண்ணி கரையத்தான் தேடும்" என்றாய். சொல்லிவிட்டு ஊசியையும் தந்தாய். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவள் நீ. வேலை முடிந்ததும் திருப்பித் தரச் சொன்னாய், அளத்துக்கு வேண்டும் என்று.

யூரியா சாக்குகளில் மணல் நிரப்பி வாயைத் தைத்தவள் நான். தையல் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. மழை விடாமல் கொட்டியும் ஒரு மூட்டை நகரவில்லை. மூட்டைகளை எடுக்கப் போன ஆண்கள் தண்ணீர் இழுப்பில் நிற்க முடியாமல் திரும்பினார்கள். மூன்றாம் நாள் காலை, டிராக்டர் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில் தண்ணீர் கரையைத் தாண்டியது. மேட்டில் நின்று பார்த்தேன். முதலில் ஒரு வாய்க்கால் அளவுதான். உன்னைக் கூப்பிட்டுக் கத்தி முடிப்பதற்குள் கரை இல்லை. உன் தெருவும் இல்லை.

நீ தினமும் நடந்து போகிற வழியாகவே தண்ணீர் உன்னை உப்பளம் வரை கொண்டு போயிருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் ஊரே மழை மேல் பழி போட்டது. நானும்தான்.

இன்று ஊசி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அதை முந்தியில் குத்திக்கொண்டு கலுங்குக்குப் போனேன். நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அன்னைக்குக் கரைய உடைச்சது மழ இல்ல, நாமதான். மூட்டையத் தச்சது நான்."

ஒரு அண்ணாச்சி மட்டும் தோளில் இருந்த சாக்கைக் கீழே போட்டார். மற்றவர்கள் போடவில்லை. மூட்டை அடுக்க விடாமல் நான் கலுங்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஊசியைத் திருப்பித் தர வேண்டும். உன் வீட்டு வாசல் எங்கே இருந்தது என்று இங்கிருந்து பார்க்கிறேன். அடையாளம் தெரியவில்லை.