கூண்டிலிருந்து தெரியாத முகங்கள்

பாய், இன்று காலை எங்கள் தெருமுனையில் மாடிக் கட்டடத்துக்குக் கம்பிக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தார்கள். கிரேன் கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு உள்ளங்கை நனைந்துவிட்டது. காய்கறிப் பையோடு சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். பேரன் பேத்தி எடுத்த வயசில் இப்படி ஒரு நடுக்கம்! நீ இருந்தால் சிரித்திருக்க மாட்டாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. திருவொற்றியூர் கம்பெனியில், கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து நான் கிரேன் ஓட்டுவேன். கீழே நின்று கை காட்டுகிறவன் நீ. உன் கை உயர்ந்தால் தூக்குவேன், தாழ்ந்தால் இறக்குவேன். அன்றைக்குச் சங்கிலி அறுந்துவிட்டது. இரும்புத் தகடு விழுந்த இடத்தில், சுமைக்குச் சங்கிலி மாட்டும் கலாசிகளில் ஒருத்தன் நின்றிருந்தான். மேலிருந்து எனக்கு அவன் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

சங்கிலிதான் பழசு, என்மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லி என்ன பிரயோஜனம்? அவனை அடக்கம் செய்த மறுநாள் ஏணியில் பாதி ஏறினேன், கால் வரவில்லை. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழேயிருந்து ஃபோர்மேன் கத்தினார். "பயந்தாங்கொள்ளிக்கு இங்க இன்னாய்யா வேலை? நாளைக்கும் இதே கதைன்னா சீட்டக் கிழிச்சிடுவேன்!" வீட்டில் என் மனைவிக்கு நிறைமாசம்.

நீ ஏறி வந்து, எனக்குக் கீழ்ப்படியில் நின்று என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாய். பயப்படாதே என்று நீ சொல்லவேயில்லை.

"இன்னாத்துக்கு பயம்னு சொல்லு நைனா. எனக்கும் கை நடுங்கிகினுதான் கீது" என்றாய்.

அதை அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, பாய். அழுதுவிட்டேன். "மேலருந்து பாத்தா தலைதான் தெரியுது பாய். எவன் நிக்கிறான், எவன் போய்ட்டான்னு ஒண்ணுமே புரியல" என்றேன்.

மறுநாள் காலையில் கலாசிகளைக் கூட்டி வைத்துப் புதுசாக ஒரு வழக்கம் சொன்னாய். சங்கிலி மாட்டியதும் எல்லாரும் விலகிச் சுவரோரம் போய் நின்று, அண்ணாந்து என் கூண்டைப் பார்க்கவேண்டும். எல்லா முகத்தையும் பார்த்து நான் கூண்டிலிருக்கும் மணியை அடித்த பிறகுதான் உன் கை உயரும். "ஓட்றவன் கண்ணுக்கு உங்க மூஞ்சி தெரியணும்டா. காட்டுனா இன்னா கொறஞ்சிபூடும்?" நேரம் வீணாகிறது என்று ஃபோர்மேன் எகிறினார். நீ அசையவில்லை. "அவன் கை நடுங்குனா எங்க தலைதான் சார் கீழ கீது" என்றாய். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று ஏறினேன். நடுங்கிக்கொண்டேதான் ஏறினேன். கீழே ஒருத்தன் பல்லைக் காட்டினான், இன்னொருத்தன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. மணி அடித்தேன்.

நான் ரிடையர் ஆன அன்று கழுத்தில் மாலை போட்டு, அஞ்சா நெஞ்சன் என்றெல்லாம் மைக்கில் பேசினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் நீ மூச்சிரைப்பில் போய்ச் சேர்ந்திருந்தாய், யாரிடம் சொல்வது? பயம் ஒருநாளும் என்னை விட்டுப் போகவில்லை, பாய். அதையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வா என்று இடம் கொடுத்தவன் நீ ஒருத்தன்தான். அதற்கப்புறம் என் கையால் யாரும் சாகவில்லை.