கேமராவுக்குக் கரண்ட் தேடினோம், அண்ணே

என் கூடப்பிறந்த அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கை பழகியிருக்கிறது. இப்போது அதை எழுதி என்ன ஆகப் போகிறது? நம் வீட்டுச் சேதியையே சொல்கிறேன். நான் கார் வாங்கிவிட்டேன். கரண்டில் ஓடுகிற கார். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸுக்குக் காத்து நின்ற உன் தங்கை, நர்ஸு சுமதி, இப்போது பாளையம்பட்டியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு போகிறாள். சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஒயரிங் செய்து கொடுத்த உனக்கு இந்தக் காரைக் காட்ட முடியவில்லை. வாங்கி வந்த அன்றைக்கு அதற்குத்தான் அழுதேன்.

வாங்கியதும் முன் கண்ணாடியில் ஒரு கேமரா மாட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். முன்னால் நடப்பதை எல்லாம் பதிந்து வைத்துக்கொள்ளும் சின்னக் கேமரா. எதற்கு என்று என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பரளச்சி ரோட்டில் உன் பைக்கும் அந்த லோடு வண்டியும் மோதியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. மண்பாதையிலிருந்து நீ திடீரென்று ரோட்டில் ஏறிவிட்டதாக வண்டிக்காரர் சொன்னார். "எம்புள்ள பாக்காம ஏற மாட்டான்" என்றார் அப்பா. அதோடு சரி. வீட்டில் அதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனசுக்குள் உன்னைக் கேட்பேன். நீ பார்த்துத்தானே ஏறினாய் அண்ணே?

கேமரா வாங்குவது சுலபமாக இருந்தது. அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. போன் சார்ஜ் போடுகிற சாக்கெட்டில் சொருகினோம். கார் ஓடும்வரை ஓடியது, காரை அணைத்ததும் அணைந்துவிட்டது. கார் நிற்கும்போதும் எனக்குக் கேமரா ஓட வேண்டும். என் கார் ஓடுகிற நேரத்தைவிட ஊர் ஊராக ரோட்டோரத்தில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

மதுரையில் கார் வாங்கிய இடத்தில் கேட்டோம். வயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்றார்கள். அருப்புக்கோட்டையில் வண்டி ஒயரிங் பார்க்கிறவர் பானெட்டைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் தடித்தடியாக ஓடும் வயர்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டீசல் வண்டின்னா இந்நேரம் மாட்டி அனுப்பியிருப்பேங்க்கா. இது கரண்டு வண்டி. தெரியாம கை வைக்க மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்குல்ல?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. சரி என்று ஒரு பவர் பேங்க் வாங்கி வைத்தோம். நம் ஊர் வெயில்தான் உனக்குத் தெரியுமே. மூடிய காருக்குள் கிடந்து அதன் வயிறு உப்பிவிட்டது. வெடித்துவிடுமோ என்று உன் மாப்பிள்ளை அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய் வெட்டவெளி மண்ணில் வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

அப்புறம் அவரே கார்க் கம்பெனி கொடுத்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காரை ஓட்டுகிற பெரிய பேட்டரி வேறு. ஆரஞ்சு வயர் எல்லாம் அதற்குப் போவது, அந்தப் பக்கமே போகக் கூடாது. லைட்டு, ஹாரன், கதவுப் பூட்டுக்கு மற்ற கார்களில் இருப்பது போலவே சின்ன பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கு அதிலிருந்துதான் கரண்ட் வருகிறது. வயரை வெட்டாமல், ஃபியூஸ் இருக்கிற இடத்திலேயே ஒரு கிளை வயரைச் சொருகி எடுத்துக்கொள்ளலாம். ஷோரூமில் போன் போட்டுக் கேட்டோம், அப்படி என்றால் சரி என்றார்கள்.

கரண்ட் பார்க்க நீ வைத்திருந்த மீட்டரை எடுத்தோம். அவர் தலைகீழாக வளைந்து ஒவ்வொரு ஃபியூஸாகத் தொட, நான் காரைப் போட்டுப் போட்டு அணைத்தேன். காரை அணைத்தும் உயிரோடு இருந்த ஒன்றில் கேமராவை மாட்டினோம். ஓடியது. ஒரு நல்ல நாளுக்கு லீவு போட்டு வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று வந்தால், கார் கதவே திறக்கவில்லை. சின்ன பேட்டரியைக் கேமரா முழுக்கக் குடித்துவிட்டது. பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் அதை எழுப்பிவிட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மினி லோடு வண்டியைக் கொண்டுவந்து வயர் போட்டு எழுப்பிக் கொடுத்தார்.

"கரண்டு வண்டிக்கு டீசல் வண்டி கரண்டு குடுக்குது பாத்துக்கங்க" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அதற்கும் வழி இருந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். பேட்டரி ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அது கேமராவைத் தானே நிறுத்திவிடும். அதையும் வாங்கி மாட்டியபின் கார் ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை.

இனிமேல் சொல்லப் போவதுதான் நான் உன்னிடம் சொல்ல வந்தது.

போன மாதம் பரளச்சிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு, ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே படார் என்று சத்தம். ஓடி வந்தால் ஒரு இளவட்டம் பைக்கோடு கிடக்கிறான், கால் முறிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு லோடு வண்டி. உன் நினைப்புத்தான் வந்தது, அண்ணே. ஆனாலும் உட்கார்ந்து அவன் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினேன். நான் கட்டி முடிப்பதற்குள் கூட்டம் அந்த டிரைவரைக் கீழே இறக்கி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"நான் மெதுவாத்தான்யா வந்தேன், அந்தத் தம்பிதான் திடீர்னு ஏறிட்டாரு" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்.

அதே வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. பொய் சொல்கிறார், படம் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைத்துத்தான், "அடிக்காதீங்க, எங்கார்ல கேமரா இருக்கு, பாத்துட்டுப் பேசுவோம்" என்றேன்.

போனில் எடுத்துப் போட்டேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பின்னால் யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்தப் பையன் மண்பாதையிலிருந்து ரோட்டில் ஏறுகிறான். லோடு வண்டி மெதுவாகத்தான் வருகிறது. பிரேக் போட்டும் நிற்கவில்லை. ஓங்கியிருந்த கைகள் இறங்கின. டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

போலீஸுக்கும் அந்தப் படத்தைக் கொடுத்தேன். பையனுக்குக் கால் கூடி வருகிறது. கட்டுப் பார்க்கப் போனபோது அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "நீயும் அண்ணனப் பறிகொடுத்தவதானத்தா. அந்தப் படத்தக் குடுக்க ஒனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

அவன் காலில் இருந்த கட்டைச் சரிபார்த்துவிட்டு வந்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அப்பா அந்தப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல அந்த லோடுக்காரரு எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. சொந்தக்காரங்க வெரட்டி விட்டாக. என்னன்னு கேட்டுட்டு வந்துருவோமாத்தா?" என்றார்.

விசாரித்துக்கொண்டு போனோம். அவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, திருச்சுழியில் ஒரு மாவு மில்லில் இருக்கிறார். அப்பாவைக் கண்டதும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் மாவு. அப்பாதான் கையைப் பிடித்து அவரை உட்கார வைத்தார்.

"யாரு மேல தப்புன்னு நானும் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேங்கய்யா. வெயிலு கண்ணுல அடிச்சுச்சு. திடீர்னு ஏறுன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவரு முன்னயே ஏறி நான்தான் பாக்கலையோ என்னமோ. சத்தியமா எனக்குத் தெரியல" என்றார்.

அப்பா தலையாட்டினார். "அது போகட்டும். அன்னைக்கு என்ன சொல்ல வந்தீக?"

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவரு தலைய எம்மடியிலதான் வச்சிருந்தேன். எனக்கு ஒடம்பெல்லாம் ஆடுது. அவரு கண்ணத் தெறந்து பாத்து, 'பயப்படாதீகண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னாரு. அதத்தான் சொல்ல வந்தேன்யா. அதுக்கப்பறம் எனக்கு ஸ்டியரிங்கத் தொட முடியல."

அப்பா அவர் மடியைப் பார்த்தார். பிறகு, "அவன்தான். அவன் அப்பிடித்தான் சொல்லுவான்" என்றார். மில் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் இரண்டு பேரும் அழுதது வெளியே கேட்டிருக்காது.

நீ எப்படி ரோட்டில் ஏறினாய் என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன், அண்ணே. நான் போகிற ரோட்டில் யார் அடிபட்டுக் கிடந்தாலும் ஓடிப் போய்ப் பார்ப்பேன், அது என் வேலை. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட பிறகு, வண்டி ஓட்டி வந்தவரிடமும் போவேன். பயப்படாதீங்கண்ணே என்று, நீ சொன்னதையே அவருக்கும் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் தங்கச்சி,
சுமதி