சூரியன் வந்துகினு கீது

இன்று காலை அம்பத்தூர் வீட்டில், ஆறிப்போன காபியோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீயும் நானும் ஆராய்ந்த அந்தத் தொலைதூரக் கேலக்ஸி திடீரென்று பிரகாசமாகியிருந்தது. மற்ற தொலைநோக்கிகளையும் அதன் பக்கம் திருப்பச் சொல்லி ஊர் உலகத்துக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதிவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது போன் ஒலித்தது. திரையில் நீ எழுதிவைத்த வரி: "சூரியன் வந்துகினு கீது. கைய எட்து ஓரமா வெய்யி."

நாம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், நீ பாரிவாக்கத்திலிருந்தும் நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நடுவில் உள்ள கருந்துளை விழுங்கியது போக மிச்சத்தை நம்மை நோக்கிப் பீய்ச்சியடிக்கும் கேலக்ஸி அது. அங்கிருந்து வரும் காமாக் கதிர்களை விண்வெளித் தொலைநோக்கி எண்ணி அனுப்பும். நாம் வரைபடம் போட்டுப் பார்ப்போம். வருடா வருடம் ஒரே பருவத்தில் அது பொங்குவதை நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். தொழிற்சாலையில் வேலை பார்த்த என் திருநெல்வேலி அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்துவிட்டார்.

நீ வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், தெரிந்தவர் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, "சூரியன கழிச்சியாடி?" என்றாய்.

கழிக்கவில்லை. சூரியனிலிருந்தும் காமாக் கதிர் வரும். நம் கேலக்ஸி இருக்கும் திசையை அது ஆண்டுக்கு ஒருமுறை, கத்திரி வெயில் சமயத்தில், உரசிப் போகும். அந்த நாட்களை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். இந்த வேலையில் கால் வைத்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் பார்த்த எனக்குத் தலைக்கு மேல் எரிவது தெரியவில்லை.

லட்டு தின்றவர்கள் விடுவார்களா? வெயில் ஏறினாலே மாடி வீட்டு அண்ணன், "இன்னாம்மா, உன் சூரியன் வந்துட்சா?" என்பார். எனக்குப் படி இறங்கவே கூசும். நீதான் சிரித்துக்கொண்டே என் போனைப் பிடுங்கி, வருடாவருடம் வருகிற மாதிரி அந்த நினைவூட்டலைப் போட்டாய். நான் என்ன குழந்தையா என்று கோபித்தேன். "அத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி" என்றாய்.

அடுத்த வருஷம் கத்திரி பிறப்பதற்குள், நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் படத்துக்கு முன்னால் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது என் பையிலிருந்து அந்த ஒலி. எடுத்துப் பார்த்தேன். அணைத்தேன். "யாரும்மா போன்ல?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல ஆன்ட்டி" என்றேன்.

அத்தனை பேர் நடுவில், என் முட்டாள்தனத்துக்கு உங்கள் பெண் போட்டுவைத்த காவல் இது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சாவு வீட்டில்கூட எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்திருக்கிறது. உன் எழுத்தை அந்த அம்மா ஒருமுறை படித்திருக்கலாம். அதன் பிறகு வருடாவருடம் அது வந்தது. படிக்காமலே அணைத்தேன். பாரிவாக்கம் பக்கமும் போகவில்லை.

இன்று மின்னஞ்சலை அழித்தேன். புதிதாக எழுதிய நிரலில் சூரியனைக் கழிக்கும் வரியையே விட்டிருக்கிறேன். சேர்த்துவிட்டுப் பார்த்தால் கேலக்ஸி எப்போதும் போல சும்மா இருந்தது. யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்குக் காது சுட்டது. அதே தப்பு, அதே ஆள். கூடச் சிரிக்கத்தான் நீ இல்லை.

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே, "யாரும்மா போன்ல?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "என்ன சொல்லுதா?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த நினைவூட்டலுக்கு நீ முடிவுத் தேதி போடவில்லை. நானும் போடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் போனோடு உன் வீட்டுக்கு வருகிறேன். உன் அம்மா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.